நேர்ச்சைத் திரியை அணைத்தவர்

புன்னைத்துறையில் மாதா சிலை இருக்கும் குகைக் கோயிலான கெபியின் முன்னால் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புத் தட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் மெழுகுதிரி ஏற்றுவது அதில்தான். கடலுக்குப் போனவனுக்காக ஒன்று, பரீட்சை எழுதும் பிள்ளைக்காக ஒன்று, மஸ்கட்டிலிருந்து போன் போடாத மருமகனுக்காக ஒன்று என்று ஏற்றிவிட்டு, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உருகி வழிந்து உறைந்து கிடக்கும் மெழுகை யார் சுரண்டுவது என்ற கவலை ஒருவருக்கும் கிடையாது. பக்தி என்றால் ஏற்றுவது மட்டும்தான் என்று நினைக்கிற ஊர் அது. மற்ற ஊர் மட்டும் என்ன வாழ்கிறதாம்!

அந்த மெழுகைச் சுரண்டியவர் மிக்கேலம்மாள். விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு மொட்டைக் கத்தியும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு தட்டத்தின் முன் உட்காருவார். ஒரு சுரண்டலுக்கு ஓர் அருள்நிறை மரியே செபம். எரிந்து முடியாத துண்டுகளின் திரி கறுத்து நீண்டிருந்தால் நகத்தளவு விட்டுக் கத்தரிப்பார். நெருக்கமாக நிற்கும் திரிகளைப் பிரித்து நான்கு விரல் இடைவெளி விட்டு நடுவார். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று சாய்ந்துவிடும், தட்டத்து மெழுகு முழுவதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கருவாட்டுக் களத்துக்குக் கூலி வேலைக்குப் போவார். சாயங்காலம் கெபியின் கேட்டைப் பூட்டும் நேரத்துக்குத் திரும்பி வருவார்.

அவர் செபத்தில் உருக்கம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அடியார்களின் கதை என்றால் கண்ணீர் தாரை தாரையாக வழிய வேண்டும், மேனி சிலிர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். மிக்கேலம்மாளுக்கு ஒன்றும் சிலிர்க்கவில்லை. நெஞ்சு மரத்துப்போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. வாய் மந்திரத்தைச் சொல்லும், கை வேலையைச் செய்யும், உள்ளே சத்தமே இருக்காது. ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை.

அந்தப் பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் சூசைமாணிக்கம் வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர். கரையில் வள்ளம் இழுக்கும்போது உருளைக்கட்டை காலில் ஏறித் தொடை எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவர் குணமாக வேண்டி மிக்கேலம்மாள் ஒன்பது நாள் நேர்ச்சை எடுத்தார். தினம் விடியற்காலையில் வீட்டு மாதா படத்தின் முன் ஒரு திரி. அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நேர்ச்சைத் திரியை மனிதர் அணைக்கக் கூடாது, அது தானாக எரிந்து தீர வேண்டும், நடுவில் அணைத்தால் கேட்டது கிடைக்காது. எந்தச் சாமியார் சொன்னது, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

ஆறாம் நாள். திருப்பலிக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது. பலகையில் பிளாஸ்டிக் டப்பா மூடியின் மேல் திரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காகிதப் பூமாலை, பின்னால் நாள்காட்டி, அதற்கும் பின்னால் ஓலைத் தட்டி. சூசைமாணிக்கம் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மிக்கேலம்மாள் வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். மனசு கேட்கவில்லை. அணைத்துவிடலாம் என்று விரலைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு நேர்ச்சை நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துக்கொண்டார். நற்கருணை அப்பம் வாங்கி, அது நாக்கில் கரைவதற்கு முன்னால், வீடு எரிகிறது என்று வெளியே கூச்சல் கேட்டது. கால் முறிந்தவரால் எழுந்து ஓட முடியுமா?

கணவரின் அடக்கத்தின்போது மிக்கேலம்மாள் அழவில்லை. ஊரே ஒப்பாரி வைத்தது, அவர் மட்டும் குழி வெட்டியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடவுளைத் திட்டினாரா? திட்டுவதற்கும் ஓர் உணர்ச்சி வேண்டுமே. மறுநாள் காலை மணி அடித்தது, எழுந்து கோயிலுக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நம்பிக்கை என்றால் நெஞ்சு இளகுவது என்று நாம் நினைக்கிறோம். மிக்கேலம்மாளின் நம்பிக்கை காலில் இருந்தது.

அந்த மாதமே பங்குச் சாமியாரிடம் போய்க் கெபித் தட்டத்து வேலையைக் கேட்டார். சாமியார் சரி என்றார். சம்பளமில்லாத வேலைக்கு யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்?

வேலையை ஏற்ற முதல் நாளே ஊர் மூக்கின் மேல் விரல் வைத்தது. சாயங்காலம் கேட்டைப் பூட்டும் முன் மிக்கேலம்மாள் ஒரு பித்தளைச் செம்பை எடுத்து, எரிந்துகொண்டிருந்த ஒவ்வொரு திரியின் மேலும் கவிழ்த்து அணைத்தார். ஊதவில்லை, ஊதினால் சூடான மெழுகு தெறிக்கும். செம்பை எடுத்த பிறகு திரியில் கங்கு மினுக்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். ஒவ்வொன்றுக்கும் சிலுவை அடையாளம் போட்டார்.

"ஏட்டி, நேர்ச்சைத் திரியையா அணைக்க?" என்று ஒருத்தி அலறினாள்.

"ஆள் இல்லாத இடத்துல தீ எரியக் கூடாது" என்றார் மிக்கேலம்மாள். அவ்வளவுதான் அவருடைய வேதாந்தம்.

அன்றிலிருந்து அவருக்குத் திரியணைச்சி என்று பெயர் விழுந்தது. அவர் தெருவில் வந்தால், "வெளக்க எடுத்து உள்ள வையிங்கடி, திரியணைச்சி வாறா" என்று கேலி செய்வார்கள். கல்யாண வீட்டில் குத்துவிளக்கு ஏற்றும்போது அவரைத் தூரமாக நிற்கச் சொன்னார்கள். அவர் நின்றார். அவமானம் உறைத்ததா என்றால், மழைக்கோட்டு போட்டவன் மேல் மழை பெய்த மாதிரி அது பாட்டுக்கு வழிந்து போயிற்று.

பதினொன்றாம் வருடம் கார்த்திகையில் புயல் அடித்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. ஒன்பது நாள் கரண்டு இல்லை. வீட்டுக்கு வீடு மெழுகுதிரி. சும்மா ஒரு விளக்குக்கே பயந்தவர், ஊர் முழுக்கத் திரி எரிந்தால் சும்மா இருப்பாரா? களத்தில் வேலையும் இல்லை. மிக்கேலம்மாள் ஒரு சாக்கில் கடல் மணலை அள்ளிக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பிவிட்டார்.

ஒரு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் மெழுகைச் சொட்டவிட்டுத் திரியை ஒட்டியிருந்தார்கள். எடுத்து, கிண்ணத்தில் மணல் போட்டு அதில் நட்டார். அடுத்த வீட்டில் ஜன்னல் திரைக்குக் கீழே. அதை அறையின் நடுவே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினார். இன்னொரு வீட்டில் புருஷன்காரர் கட்டிலில் படுத்தபடி, தலையணைக்குப் பக்கத்துப் பெட்டியில் திரியை வைத்துச் செபப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். "படிச்சது போதும் அண்ணே, கண் அசந்துட்டா?" என்று செம்பைக் கவிழ்த்துவிட்டார். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார், அதுவும் செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே! இரண்டு விரல் உயரத்துக்குக் குறைந்த துண்டுகளை எரிய விடாதீர்கள், அடியில் இருக்கும் பொருளைப் பிடிக்கும் என்று சொன்னார். மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சீறிக்கொண்டு முகத்துக்கு வரும், மணலைக் கொட்டுங்கள் அல்லது மூடியால் மூடுங்கள் என்றார். சிலர் கேட்டார்கள். பலர் சிரித்தார்கள்.

நாலாம் நாள் பிற்பகல், கஸ்பார் பர்னாந்தின் மச்சு வீட்டைக் கடந்தபோது மிக்கேலம்மாளின் கால் நின்றது. கஸ்பார் மூன்று விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர். அவர் மனைவி பிலோமினாள் ஊரில் ஒரு சொல் சொன்னால் மறு சொல் கிடையாது. அவர்களுக்கு ஜெஸிந்தா ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு அன்று காலைதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நிலைமை மோசம் என்று ஊரெல்லாம் பேச்சு. போகும்போது பிலோமினாள் முழங்கை நீளத்துக்கு ஒரு நேர்ச்சைத் திரியை வீட்டுப் பீடத்தில் ஏற்றிவைத்துவிட்டு, எதிர்வீட்டு ரொசாரியிடம் பின்கதவுச் சாவியைக் கொடுத்திருந்தார். "தாயும் பிள்ளையுமா வீடு வந்து சேருற வரைக்கும் இது அணையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஜன்னல் வழியாக மிக்கேலம்மாள் பார்த்தார். பீடத்தில் சரிகைத் துணி. பிளாஸ்டிக் ரோஜாக்கள். கடற்காற்று உள்ளே புகுந்து சுடரை ஒரு பக்கமாகச் சாய்க்க, மெழுகு அந்தப் பக்கமாகவே உருகித் திரி வளைந்து நின்றது. துணியின் ஓரம் பறந்து பறந்து அடங்கிக்கொண்டிருந்தது.

ரொசாரியைக் கூப்பிட்டார். "பக்கத்துல நீ உட்காந்திருக்கியா? அப்ப எரியட்டும். நான் ஒண்ணும் சொல்லல."

"தண்ணி லாரி வந்திருக்கு மிக்கேலம்மா. நாலு நாளா வீட்டுல ஒரு சொட்டு இல்ல. நான் குடத்தோட ஓடணும்."

"அப்ப அணைக்கணும்."

"ஐயையோ! பிலோமினாக்கா என்னத் தோலை உரிச்சிருவாக."

"உன்னச் சொல்ல மாட்டாக. நாந்தான் அணைச்சேன்னு சொல்லு."

உள்ளே போய்ச் செம்பைக் கையில் எடுத்தவருக்குக் கை எழவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கான திரி. அன்றைக்கு விரல் திரியின் பக்கத்தில் போய் நின்றதே, அதே இடத்தில் மறுபடியும் நின்றது. இந்த முறை அவர் விரலைப் பின்னுக்கு எடுக்கவில்லை. சிலுவை போட்டுவிட்டுச் செம்பைக் கவிழ்த்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலரை.

மறுநாள் காலை செய்தி வந்தது. ஜெஸிந்தா பிழைத்துவிட்டாள். பிள்ளை இறந்தே பிறந்தது. பிறந்த நேரம் முந்தின நாள் மாலை ஐந்து மணி.

பிலோமினாள் வீட்டுக்கு வந்து பீடத்தைப் பார்த்தார், ரொசாரியைக் கேட்டார், நேராகக் கெபிக்கு நடந்து வந்தார். தட்டத்தின் முன் உட்கார்ந்திருந்த மிக்கேலம்மாளின் தலைமுடியைப் பிடித்து எழுப்பினார்.

"நாலரைக்கு அணைச்ச. அஞ்சு மணிக்கு எம் பேரன் உசிரில்லாம வந்தான். பாவி, உன் புருஷனத் தின்னது பத்தலன்னு எம் பிள்ளை வயித்துலயும் கை வச்சிட்டியே!"

சுற்றிலும் கூட்டம். ஒருவரும் விலக்கிவிட வரவில்லை. மிக்கேலம்மாள் முடியை விடுவிக்கக்கூட முயலவில்லை. பிலோமினாளே கை ஓய்ந்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு கதறினார். பாவம், அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன? பேரப்பிள்ளையைப் பெட்டியில் வாங்கியவர் யார் மேலாவது விழத்தானே செய்வார்.

சாமியார் மிக்கேலம்மாளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் ரெண்டுபடக் கூடாது என்ற பயம். "கொஞ்ச நாளைக்குக் கெபிப் பக்கம் வர வேண்டாம்மா. அவங்க மனசு ஆறட்டும்."

"சரி சாமி" என்று செம்பையும் கத்தியையும் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு காலையில் கெபிக்கு எதிரே, வலை உலர்த்தும் மணலில் வந்து நிற்பார். அங்கிருந்தே செபமாலை சொல்வார். மாதாவின் முகம் தெரியாது, கேட்டின் கம்பி மட்டும் தெரியும். எப்போதும் ஒன்றும் கேட்காதவர், இப்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அணைக்காம விட்டேன், அவரு போயிட்டாரு. அணைச்சேன், பிள்ளை போயிடுச்சு. எது பாவம்? அதை மட்டும் சொல்லு. தண்டனை என்னவோ நீ பார்த்துச் செய்." அழுகையோடு கேட்டதில்லை. ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டார். பதில் வரவில்லை. மறுநாளும் வந்து கேட்டார். இப்படி இருபத்திரண்டு நாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கருவாட்டுக் களத்தில் மிக்கேலம்மாள் உலரும் சாளை மீன்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் ஒரு பெண் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். ஜெஸிந்தா. வெளிறிய முகம், வயிற்றைக் கையால் தாங்கிய நடை. களத்துப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். இன்றைக்கு என்ன நடக்கப் போகிறதோ என்று பார்த்தார்கள்.

"பச்சை உடம்போட வெயில்ல ஏன் வந்த?" என்றார் மிக்கேலம்மாள்.

ஜெஸிந்தா மணலிலேயே உட்கார்ந்தாள். "வீட்டுல எல்லாரும் அழறாங்க மாமி. எனக்கு மட்டும் வரல. பால் கட்டி வலிக்குது, அது மட்டும் தெரியுது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

மிக்கேலம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தார். காகம் ஒன்று சாளையைக் கொத்த வந்தது, ஒருவரும் விரட்டவில்லை.

"மாமி, பிள்ளைக்கு அன்னைக்குக் காலையிலேயே துடிப்பு இல்ல. டாக்டரம்மா அப்பாகிட்ட சொல்லிட்டாங்க. அம்மா தாங்க மாட்டாங்கன்னு அப்பா மறைச்சிட்டாரு. நேத்துதான் சொன்னாரு. நீங்க அணைச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அம்மா இப்பத் தலையக் கவுத்து உட்காந்திருக்காங்க."

மிக்கேலம்மாள் தலையாட்டினார். இதைக் கேட்டால் ஒரு நிம்மதி வரும் என்று நீங்களும் நானும் நினைப்போம். அவருக்கு அதுவும் வரவில்லை. அந்தத் திரிக்குப் பதில் கிடைத்துவிட்டது, கணவருக்காக ஏற்றிய திரிக்கு யார் பதில் சொல்வது?

"இன்னொண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மருந்து மயக்கம்பாங்க" என்றாள் ஜெஸிந்தா. "பிள்ளைய எடுக்கிறதுக்கு முந்தியே ஆப்ரேஷன் டேபிள்ல ரத்தம் நிக்காமப் போயிட்டே இருந்துச்சாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் நம்ம கெபியில நிக்கேன். தட்டம் நிறையத் திரி எரியுது. மாதா பீடத்துல இல்ல மாமி, கீழ இறங்கி, சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, ஒவ்வொரு திரியா விரலால அணைச்சுக்கிட்டே வாறாங்க. எனக்குப் பதறிடுச்சு. எங்க திரி பெரிசா நிக்குது. அதுக்கிட்ட வந்ததும், 'அம்மா, அதை அணைச்சிராதீங்க, அது எனக்காக எங்கம்மா வச்சது'ன்னு கத்தினேன்."

"என்ன சொன்னாவ?" களத்துப் பெண்கள் எல்லோரும் கிட்டே வந்துவிட்டார்கள். கேட்டது மிக்கேலம்மாள்தான்.

"'ஏத்தும்போதே பாத்துட்டேன் மக்கா. பாத்த பிறகு அது எதுக்கு எரியணும்? நீ தூங்கு'ன்னாங்க. அணைச்சிட்டாங்க. நான் விடல. 'இது மிக்கேலம்மா மாமி வேலையாச்சே, நீங்க எதுக்குச் செய்றீங்க'ன்னு கேட்டேன். அதுக்கு அவங்க, 'பதினொரு வருஷமா அவ ஒருத்தியே நிக்கா. நானும் கூட நிக்கேன்னு அவகிட்ட சொல்லு'ன்னாங்க. கண்ணு முழிச்சா ரத்தம் நின்னிருந்துச்சு. பக்கத்துல நர்ஸ் மணி நாலு முப்பதுன்னு எழுதிட்டு இருந்தாங்க."

மிக்கேலம்மாளின் உதடு ஏதோ சொல்லிப் பார்த்தது. பிறகு மிக மெதுவாக, "ஏத்தும்போதே பாத்துட்டாளா?" என்று கேட்டார்.

"ஆமா மாமி."

"எல்லாத் திரியையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"அப்ப... நான் அன்னைக்கு அவருக்கு வச்சதையும் பாத்திருப்பா." அவர் தன் விரலை நீட்டிப் பார்த்தார். "நான் அணைச்சிருந்தாலும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. கைய வச்சேன் மக்கா. இந்த விரல்தான். வச்சிட்டு எடுத்துட்டேன். அவளுக்குக் கோபம் வருமேன்னு எடுத்துட்டேன். அவளுக்குக் கோபமே வந்திருக்காது!"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பதினொரு வருட அழுகை. மீன் செதில் ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஏ மாணிக்கம், ஏ மாணிக்கம்" என்று புருஷன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் களம் அதிர அழுதார். ஜெஸிந்தா அவர் தோளில் சாய்ந்தாள். அவளுக்கும் அப்போதுதான் வந்தது. கேலி பேசிய பெண்களில் ஒருவர்கூட அன்று கண் துடைக்காமல் வீடு போகவில்லை.

மறுநாள் சாமியார் தாமே வந்து கூப்பிட்டார். மிக்கேலம்மாள் தட்டத்தின் முன் போய் உட்கார்ந்தார். உருக்கம் தினமும் வந்தது என்று சொல்ல மாட்டேன். பல நாள் பழைய மாதிரிதான், வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆனால் பக்கத்தில் இன்னொருத்தி நிற்கிறாள் என்று தெரிந்த பிறகு, தட்டத்தின் முன் எப்போதும் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார். பிலோமினாள் ஒரு நாள் சாயங்காலம் வந்து, ஒன்றும் பேசாமல், தன் திரியை ஏற்றி, ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லி முடித்து, தானே மூடி கவிழ்த்து அணைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து எதிர்பார்க்க முடியாது. மிக்கேலம்மாளும் எதிர்பார்க்கவில்லை.

இன்றும் புன்னைத்துறையில் நேர்ச்சைத் திரி ஏற்றுகிறவர்கள் செபம் முடியும் வரை அதன் பக்கத்திலேயே இருப்பார்கள். முடிந்ததும், "பாத்தாச்சு" என்று சொல்லி அணைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கரையில் திரியால் ஒரு வீடும் எரியவில்லை. கண்ணீர் வராத காலத்திலும் கடமை தவறாமல் நின்ற மிக்கேலம்மாளின் மெழுகு படிந்த கைகளுக்கு நம் வணக்கம்.